பிழைவிழுங்கி

மனிதர்களில் பிழைவிழுங்கி என்று ஓர் இனம் உண்டு. பிழை செய்பவர்களைச் சொல்லவில்லை. அது நாம் எல்லாரும். பிழையை மறைப்பவர்களையும் சொல்லவில்லை. மறைக்கிறவனுக்காவது தான் எதையோ மறைக்கிறோம் என்று தெரியும், உள்ளங்கை கொஞ்சம் வியர்க்கும், யாராவது உற்றுப் பார்த்தால் பேச்சு தடுமாறும். பிழைவிழுங்கிக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. கண்ணெதிரே ஒன்று உடைந்தால், உடைந்த சத்தம் அடங்குவதற்குள் அதை மாத்திரைபோல வாயில் போட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் விழுங்கிவிட்டு, "எல்லாம் நல்லபடியா போய்ட்டிருக்கு" என்பார். சொல்லும்போது முகத்தில் ஒரு சாந்தம் படரும். அந்தச் சாந்தத்தைப் பார்த்துத்தான் இவருக்குப் பதவி உயர்வு கொடுக்கிறார்கள்.

இந்த இனத்தை வீட்டிலும் அலுவலகத்திலும் கிட்ட இருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. என் தங்கையின் கணவர் அந்த இனம். நாங்கள் இருவரும் ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்தோம். அவர் கணினி நிரல் எழுதுகிறவர்களுக்குத் தலைவர். நான் அவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிக்கும் சோதனைப் பிரிவு. ஒருவர் தப்பை விழுங்குகிறவர், இன்னொருவர் தப்பைத் தோண்டிச் சம்பளம் வாங்குகிறவர். மாப்பிள்ளையும் மச்சானும் எப்படி ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம் என்று கேட்காதீர்கள். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'சுபம்'. படம் பாதி ஓடும்போதே திரையில் சுபம் போட்டுவிடுவார் என்பதால் வந்த பெயர். அவருக்கும் அது தெரியும். பாராட்டு என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் இவர் எப்படி? காரில் எஞ்சின் கோளாறுக்கான மஞ்சள் விளக்கு விடாமல் எரிந்தபோது, அதன்மேல் மகளின் பூப்படம் போட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார். கூடத்துச் சுவரில் ஈரம் பரவியபோது அங்கே ஒரு காலண்டரை மாட்டினார். ஈரம் காலண்டரைத் தாண்டியதும் பெரிய காலண்டர் வாங்கினார். "வீடே இடிஞ்சு விழுந்தாலும், இப்பத்தான் காத்து நல்லா வருதும்பாரு அண்ணா" என்று என் தங்கை ஒருநாள் சொன்னாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் சிரித்தார். காற்று வந்தால் நல்லதுதானே என்று நினைத்திருப்பார்.

காரும் சுவரும் அவருடையவை. விட்டுத் தள்ளலாம். ஆனால் எங்கள் நிறுவனம் மருத்துவமனைகளுக்கு இணையதளம் செய்து கொடுக்கிற நிறுவனம். நோயாளி முன்பதிவு செய்வது, பரிசோதனை முடிவு வந்ததும் அவருடைய கைப்பேசிக்குத் தகவல் அனுப்புவது, எல்லாம் எங்கள் பொறுப்பு. அத்தனை தளங்களும் ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரே அடித்தளத்தின்மேல் நிற்கின்றன. அந்த அடித்தளத்தை இளம் வயதில் எழுதியவர் சுபம். அஸ்திவாரம் போட்டவர் இவர் என்றால் கட்டடத்தைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டுமா?

ஜாவாவில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஓடுகிற நிரலில் எங்கேயாவது தவறு நேர்ந்தால், அதைப் பிடிப்பதற்கென்று ஓர் இடம் கட்டி வைக்கலாம். பிடித்தவர் என்ன செய்ய வேண்டும்? யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்ல வேண்டும், பதிவு செய்ய வேண்டும், முடிந்தால் சரிசெய்ய வேண்டும். சுபம் பிடிப்பார். பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எந்த மூலையில் எந்தத் தவறு தலைதூக்கினாலும் பாய்ந்து பிடிக்கும்படி எழுதியிருந்தார். பிடித்த பிறகு? இரண்டு அடைப்புக்குறி, நடுவில் வெற்றிடம். அவ்வளவுதான். பிழை உள்ளே போகும், ஏப்பம்கூட வராது. திரையில் மட்டும் ஒரு பச்சை டிக் விழுந்து, 'வெற்றிகரமாக முடிந்தது' என்று வரும்.

இதைவிட அழகானது அவருடைய நலப் பக்கம். ஒவ்வொரு சர்வரிடமும் சில விநாடிகளுக்கு ஒருமுறை ஒரு கருவி வந்து நலமா என்று கேட்கும். சர்வர் தன் டேட்டாபேஸ் பேசுகிறதா, இடம் மிச்சம் இருக்கிறதா, வெளியே அனுப்ப வேண்டியவை போய்ச் சேர்கின்றனவா என்றெல்லாம் பார்த்து உண்மையைச் சொல்ல வேண்டும். நலமில்லை என்றால் கருவி தளத்துக்கு வருகிறவர்களை அந்த சர்வருக்கு அனுப்பாமல் நிறுத்தி, எங்களை எழுப்பும். நல்ல ஏற்பாடுதான். எங்கள் அலுவலகத்தில் அது யாரையும் எழுப்பியதே இல்லை. எங்கள் மேலதிகாரி மேல்தளத்தில் உட்கார்வதால் அவரை எல்லாரும் 'மாடி' என்போம்; மாடியின் அறையில் ஒரு பெரிய திரை, அதில் வரிசை வரிசையாகப் பச்சைப் புள்ளிகள். வாடிக்கையாளர் வந்தால் மாடி முதலில் அந்தத் திரையைத்தான் காட்டுவார். எங்கள் பச்சையைப் பார்த்து மற்ற நிறுவனங்கள் பொறாமைப்பட்டதாகவும் பேச்சு இருந்தது.

அப்போது புதிதாக ஒரு பொறியாளர் வந்து சேர்ந்தார். எதைக் காட்டினாலும் "எதனால?" என்று கேட்பார். நல்ல விஷயத்தைச் சொன்னாலும் கேட்பார். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியபோதும் கேட்டார். இரண்டாவது வாரமே 'எதனால' என்பது அவருக்குப் பெயராகிவிட்டது. இனிமையாகப் பேசத் தெரியாது, காலை வணக்கம் சொன்னால் பதில் மாலையில் வரும். ஆனால் படிக்கத் தெரிந்தவர். யாரும் திறந்து பார்க்காத அந்த அடித்தளத்தைத் திறந்து முழுவதும் படித்தார். படித்துவிட்டு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சுபத்தின் மேசைக்கு வந்தார். என் இடம் அதற்கு நேர் பின்னால்.

"சார், இந்தப் பக்கம் எதப் பாத்து நலம்னு சொல்லுது?"

"எதையும் பாக்காது. கேட்டா சொல்லும்."

"டேட்டாபேஸ் செத்துக் கிடந்தா?"

"அப்பவும் சொல்லும்" என்றார் சுபம். பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல அவர் குரல் குழைந்தது. "என்ன ஆனாலும் அசையாது."

எதனால ஒரு மாதம் உட்கார்ந்து மாற்றம் எழுதினார். நோயாளி தப்பாகத் தட்டியதால் வந்த பிழை வேறு, நாங்கள் செய்த பிழை வேறு, வெளியே இருக்கிறவர் கைவிட்டதால் வந்த பிழை வேறு என்று பிரித்தார். ஒவ்வொன்றும் யாரிடம் போக வேண்டுமோ அவரிடம் போகும். நடக்காததை நடந்தது என்று சொல்லும் பச்சை டிக் இனிமேல் வராது. நலப் பக்கம் உறுப்பு உறுப்பாகச் சோதித்துப் பார்த்து நலம், தடுமாற்றம், முடக்கம் என்று மூன்றில் ஒன்றைச் சொல்லும். நான் சோதித்துப் பார்த்தேன். என் தொழிலில் அபூர்வமாக நடப்பது நடந்தது. எனக்கு வேலை இல்லை.

சுபம் அதை மறுத்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இந்த இனம் எதையும் மறுக்காது. மறுத்தால் அதுவும் ஒரு பிரச்சினையாகப் பதிவாகிவிடுமே. அவர் எதனாலவின் வேலையை எல்லார் முன்னாலும் புகழ்ந்தார், கைதட்டச் சொன்னார், நானும் தட்டினேன். அடுத்த காலாண்டில் சேர்த்துவிடலாம் என்றார். அந்தக் காலாண்டு வந்ததும் அதற்கு அடுத்ததில் என்றார். தனியாகத் தேநீர் குடிக்கும்போது மட்டும் என்னிடம் மனம் விட்டுப் பேசினார். "தனக்கு உடம்பு சரியில்லன்னு சர்வர் போற வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டுத் திரியணுமா மச்சான்? அதுக்கும் ஒரு கௌரவம் இருக்குல்ல."

சர்வரின் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான் அவருடைய அக்காவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கற்றுக்கொள்ள வந்தவர் தப்பான பக்கம் திருப்பும் முன்பே அவர் போடும் சத்தத்தில் முன்னால் போகும் லாரி ஓரம் கட்டும். நானும் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். இன்றும் வண்டியை நிறுத்தும்போது அந்தக் குரல் காதில் விழுகிறது. கட்டியிலிருந்து ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிய மருத்துவர், முடிவு வந்ததும் கைப்பேசிக்குத் தகவல் வரும், வந்ததும் வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த மருத்துவமனை எங்கள் வாடிக்கையாளர்.

ஒரு வாரம் போயிற்று. தகவல் இல்லை. அக்கா தம்பியிடம் கேட்டார். எதுவும் வரவில்லை என்றால் நல்ல செய்திதான், ஏதாவது இருந்தால் விழுந்தடித்துக் கூப்பிட்டிருப்பார்கள் என்று தம்பி சொன்னார். அடுத்த வாரம் அக்கா அலுவலகத்துக்கே கூப்பிட்டு மறுபடி கேட்டார். தகவல் அனுப்பும் ஏற்பாடே கெட்டுப்போயிருக்குமோ என்று இந்த முறை சந்தேகம் அவருக்கு.

சுபம் அலட்சியமாக விடவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே, என் கண்முன்னால், கணினியில் அந்த மருத்துவமனையின் நலப் பக்கத்தைத் திறந்தார். 'நலம்' என்று வந்தது. "இப்பத்தான்க்கா பாத்தேன். எல்லாம் நல்லா ஓடுது" என்றார். குரலில் துளி பொய் இல்லை. அந்த வார்த்தையை அங்கே எழுதி வைத்தவரே அவர்தான். எவனோ உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னதுபோல அதைப் படித்து, நம்பி, நிம்மதியடைந்தார். ஊரை ஏமாற்றுகிறவனைப் பார்த்திருக்கிறேன். தன் கையெழுத்தைத் தானே படித்து ஏமாறுகிறவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நடந்தது இதுதான். குறுஞ்செய்திகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வெளி நிறுவனம் தன் கடவுச்சாவியை மாற்றியிருந்தது. பழைய சாவியோடு போன எங்கள் தகவல்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியது. திரும்பி வந்த ஒவ்வொன்றையும் எங்கள் அடித்தளம் பாய்ந்து பிடித்தது. பிடித்து, விழுங்கியது. மருத்துவமனைத் திரையில் அக்காவின் பெயருக்கு எதிரே பச்சை டிக் விழுந்தது: 'தகவல் அனுப்பப்பட்டது.' செவிலியர் டிக்கைப் பார்த்தார், அடுத்த நோயாளியைக் கவனித்தார். மாடி தன் திரையைப் பார்த்தார், வாடிக்கையாளரைக் கவனித்தார். யார்மேலும் தப்பில்லை. எல்லாம் பச்சை.

பின்கண்ணாடியைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப முடியாமல் போனபோது, அக்கா வகுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, அதே பயிற்சி வண்டியில் மருத்துவமனைக்குப் போனார். மருத்துவர் அவரைப் பார்த்ததும் கோபித்துக்கொண்டார். தகவல் அனுப்பி இவ்வளவு நாளாகியும் வராமல் இருந்தால் எப்படி என்று கேட்டார். புற்றுநோய். உடனே அறுவை செய்ய வேண்டும். அப்போதே வந்திருந்தால் வேலை சின்னதாக முடிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா என் தங்கை வீட்டுக்கு வந்தபோது நானும் இருந்தேன். சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் எதுவும் சொல்லவில்லை. கை கழுவிவிட்டு வந்து, தம்பிக்கு எதிரே உட்கார்ந்து, மருத்துவர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். அழவில்லை. என் தங்கைதான் அழுதாள்.

"அந்த மெசேஜ அனுப்புறது உங்க கம்பெனிதானே?" என்று கேட்டார் அக்கா.

"எங்களோடதுதான்க்கா. ஆனா அது..."

"நல்லா ஓடுதுன்னு சொன்ன."

"பாத்துட்டுத்தான்க்கா சொன்னேன்."

"எதப் பாத்த?"

சுபம் வாயைத் திறந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக விழுங்க வேண்டியது தொண்டையில் நின்றுவிட்டதுபோல இருந்தது அவர் முகம்.

"எனக்குக் கழுத்து வலிச்சுது, நானே போய்க் கேட்டேன். வலிக்காதவங்க வீட்ல உக்காந்து போனப் பாத்துட்டு இருப்பாங்கடா" என்றார் அக்கா. "அவங்க எத்தன பேருன்னாவது தெரியுமா உனக்கு?"

தெரியாது. அன்று பிற்பகல் முழுவதும் நானும் அவரும் உட்கார்ந்து தேடினோம். பிழைகளை விழுங்கிய நிரல் எதையும் பதிவு செய்து வைக்கவில்லை என்பதால், வெளி நிறுவனத்தில் ஆளைப் பிடித்து, அவர்கள் திருப்பி அனுப்பியவற்றைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கில் வந்தன. சுபம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ரொம்பன்னு சொல்ல முடியாது" என்று ஆரம்பித்தார். என் தங்கை அடுக்களை வாசலில் நின்றபடி, "இதையும் முழுங்கிடாதீங்க" என்றாள். அவர் எதனாலவைக் கூப்பிட்டார். அந்த மாற்றத்தை உடனே போட முடியுமா என்று கேட்டார். எதனால வழக்கப்படி ஒரே கேள்விதான் கேட்டார். "எங்க அக்கா" என்று இவர் சொன்னார். அந்தப் பக்கம் சரி என்று கேட்டது.

மறுநாள் காலை புதிய அடித்தளம் ஓடத் தொடங்கியது. மாடியின் திரையில் முதல் புள்ளி சிவந்தது. அடுத்தது சிவந்தது. குறுஞ்செய்திதான் என்று நினைத்தோம், இல்லை. ஒரு மருத்துவமனையில் டேட்டாபேஸ் பாதி நேரம் பதில் சொல்வதே இல்லை. இன்னொன்றில் சர்வரில் இடம் நிரம்பி, முன்பதிவுகள் எங்கோ காற்றில் போய்க்கொண்டிருந்தன. வருடக்கணக்காக உள்ளே கிடந்த நோய்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து பெயர் சொல்லின. தேநீர் நேரத்துக்குள் திரை முழுக்கச் சிவப்பு.

மாடி கீழே இறங்கி வந்தார். அவர் படியிறங்கியதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எல்லாரையும் கூட்ட அறைக்குள் அழைத்தார். நோய் வந்துவிட்டதே என்று கவலைப்பட்டார் என்கிறீர்களா? நீங்கள் இன்னும் உத்தியோகம் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பச்சையா இருந்துச்சு. யாரு என்ன பண்ணீங்க?"

எதனால எழுந்தார். "நான் எதையும் ஒடைக்கல சார். ஒடஞ்சிருந்தது தெரியுது, அவ்வளவுதான்."

மாடி அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. பழையதையே திரும்பப் போடுங்கள் என்றார். நாளைக்கு முக்கியமான வாடிக்கையாளர் வருகிறார், அவர் பார்க்கும்போது பச்சையாக இருக்க வேண்டும், சரிசெய்வதையெல்லாம் பிறகு நிதானமாகச் செய்துகொள்ளலாம். அறையில் பாதித் தலைகள் ஆடிவிட்டன. ஆடாத தலைகள் சுபத்தைப் பார்த்தன. அடித்தளம் அவருடையது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் பழையது திரும்பிவிடும். அவருக்கு வாயில் எப்போதும் தயாராக இருக்கும் வார்த்தைதான்.

சுபம் எழுந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"பழசு பொய் சார். நான் எழுதினது. ஒரே வரி. யாரு கேட்டாலும் நலம்னு சொல்லும்."

மாடிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அப்ப இத்தன வருஷமா மேல நான் பாத்துட்டு இருந்தது?"

"அந்த ஒரு வரிதான் சார்."

அந்தக் கணத்தில் என் மாப்பிள்ளைமேல் எனக்கு மரியாதை வந்தது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், கண்கூடக் கலங்கியது. இந்த இனம் திருந்தும் என்று நம்பத் தயாராக இருந்தேன். அவர் அப்போதே உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

"ஆனா சார்," என்று தொடர்ந்தார், "இந்தச் சிவப்பு கொஞ்சம் அதிகமா அடிக்குது. ரோஸ் கலரா வெச்சுக்கலாம். பாக்கறவங்க பதறாம இருப்பாங்க."

மாடியின் முகம் மலர்ந்தது. அன்றைய கூட்டத்தில் ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான். இன்றும் எங்கள் நிறுவனத்தில் ஒரு சர்வர் செத்தால் திரையில் ரோஜா நிறத்தில் ஒரு புள்ளி பூக்கும். வந்த வாடிக்கையாளர் அழகாக இருக்கிறது என்றாராம்.

நிறம் போனால் போகட்டும் என்று எதனால மற்றதையெல்லாம் விடாமல் பிடித்துக்கொண்டார். பிழைகள் உரியவர்களிடம் போயின, ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். தகவல் போய்ச் சேராதவர்களை மருத்துவமனைச் செவிலியர்களும் நாங்களுமாகத் தொலைபேசியில் கூப்பிட்டோம். பெரும்பாலானவர்கள் திட்டினார்கள். திட்டியது காதுக்கு இதமாக இருந்தது. சிலர் எடுக்கவே இல்லை. அவர்களைப் பற்றி நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்வதில்லை.

அக்காவுக்கு அறுவை நடந்தது. கட்டி பரவியிருந்ததால் ஆழமாக வெட்ட வேண்டியிருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் குரல் போய்விட்டது. இப்போது பேசினால் காய்ந்த இலையை மிதித்ததுபோல ஒரு சத்தம் வரும். வண்டிக்குள் கத்த முடியாது. கற்றுக்கொள்ள வந்தவர் தப்பான பக்கம் திருப்பினால் முன்பலகையில் கையால் அறைகிறார். கற்றுக்கொண்டிருந்தவர்களில் சிலர் இப்போது வருவதில்லை.

நலம் விசாரிக்கும் உறவினர்கள் இயல்பாகத் தம்பியைத்தான் கூப்பிடுகிறார்கள். சுபம் என்ன சொல்கிறார்? "அக்கா சூப்பரா இருக்காங்க. சொல்லப்போனா குரல் முன்னவிட சாஃப்ட் ஆயிடுச்சு" என்கிறார். சென்ற வாரம் அவர் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். எழுந்து வந்து, கைப்பேசியைத் தம்பி கையிலிருந்து வாங்கினார். அந்தக் கிழிந்த குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "என்னப் பத்தி என்கிட்ட கேளுங்க. இவன்கிட்ட கேட்டா, இவனுக்கு என்ன கேக்கப் பிடிக்குமோ அதத்தான் சொல்லுவான்."

நல்லவேளையாக நீங்கள் இந்த இனம் இல்லை. நிரல் எழுதத் தெரியாது, சர்வரைக் கண்ணால் பார்த்தது கிடையாது, யாருக்கும் பச்சை டிக் போட்டதில்லை. சரி, ஒன்று மட்டும் கேட்கிறேன். தூரத்தில் இருக்கும் அம்மாவையோ அப்பாவையோ தொலைபேசியில் கூப்பிட்டதும் முதலில் என்ன கேட்கிறீர்கள்? "நல்லா இருக்கீங்கதானே?" வேலையிலிருந்து முகம் செத்து வரும் மனைவியிடமோ கணவனிடமோ? "ஒண்ணுமில்லையே?" கேள்விக்குள்ளேயே பதிலை மடித்து வைத்து நீட்டுகிறீர்கள். எதிரில் இருப்பவர் தலையை ஆட்டினால் போதும். அவரும் உங்கள் மனம் நோகாமல் ஆட்டிவிடுகிறார், நீங்களும் நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்க்கிறீர்கள்.

அதற்காக இப்போதே எழுந்து போய் யாரிடமும் எதையும் கேட்க வேண்டாம். உங்கள் வீட்டில் அப்படியெல்லாம் ஒன்றும் இருக்காது.